பால்கனி அறையும் ஒரு திமிங்கிலமும்

கப்பல் ஏறுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்று இருப்பதால் ஏறுகிறவர்கள் ஒரு ரகம். ஏறினோம் என்று சொல்லிக்கொள்வதற்காக ஏறுகிறவர்கள் இன்னொரு ரகம். எங்கள் காரைக்கால் முதல் ரகத்துக்குப் பேர்போன ஊர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனுக்குப் போனார்கள். குமாஸ்தாவாகப் போனார்கள், சிப்பாயாகப் போனார்கள், வியாபாரியாகப் போனார்கள். பக்கத்து நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, கட்டுச்சோற்றை அவிழ்த்துத் தின்றுகொண்டு போனார்கள். அந்த வழியில் கடைசியாக ஓடிய 'சிதம்பரம்' கப்பலே ஒரு விசித்திரப் பிறவி. 1966-ல் பிரான்சில் 'பஸ்தேர்' என்ற பெயரோடு கடலில் இறங்கி, 1970-களில் இந்தியா வாங்கிய பிறகு சிவபெருமானின் ஊர்ப்பெயரைச் சூட்டிக்கொண்டது. 1985-ல் அது தீப்பிடித்ததோடு எங்கள் பக்கத்துக் கப்பல் பிரயாணக் கதையும் முடிந்தது.

முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். இப்போது மறுபடியும் கப்பல் ஆசை பிறந்திருக்கிறது. ஆனால் பினாங்குக்கு அல்ல. பிள்ளை அமெரிக்காவில் இருந்தால் அலாஸ்கா. பெண் பாரிசில் இருந்தால் நார்வே. சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, பனிமலைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிற சுகம் எனக்கும் தெரியாததல்ல. குளிர்ந்த கடல், கரையோரத்தில் மீன் பிடிக்கும் கரடி, நீரைப் பிளந்துகொண்டு எழும்பும் திமிங்கிலம்! இதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படாதவன் மனிதனா? எனவே அந்த ஆசையோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டையெல்லாம், அந்த ஆசையை வைத்துக்கொண்டு நாம் போடுகிறோமே ஒரு திட்டம், அதனோடுதான்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இந்தத் திட்டத்துக்கென்றே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார். அழகான கையெழுத்து. ஜன்னல் அறையா, பால்கனி அறையா, உள்ளறையா என்று மூன்று பக்கம் ஆராய்ச்சி. சைவச் சாப்பாடு உண்டா, தயிர் கிடைக்குமா என்று ஒரு பக்கம். கப்பலில் ஒரு நாள் இரவு எல்லோரும் ஜோராக உடுத்திக்கொண்டு விருந்துக்கு வரவேண்டுமாம். அதற்குப் பட்டுப்புடவையா போதுமா, வேறு ஏதாவது வாங்கவேண்டுமா என்று அம்மாள் எழுதிய குறிப்பு ஒன்று. ஆனிப் பௌர்ணமியன்று மாங்கனித் திருவிழா வருகிறதே, அதைத் தவறவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலை ஒன்று. எல்லாம் நியாயமான கவலைகள். புத்தகத்தை முழுக்கப் புரட்டிவிட்டு நான் கேட்டேன்:

"சார், இதில் திமிங்கிலம் எங்கே?"

"அதுதான் இருக்கிறதே, இருபத்திரண்டாம் பக்கம் பாருங்கள்."

பார்த்தேன். 'திமிங்கிலம் பார்க்கத் தனிக் கட்டணம்' என்று இருந்தது. அவ்வளவுதான்.

அவர்மேல் குற்றமில்லை. கப்பல் கம்பெனிகளும் அவற்றின் ஏஜெண்டுகளும் திட்டத்தை அப்படித்தான் போடச் சொல்லித் தருகிறார்கள். அறையிலிருந்து தொடங்கு, சாப்பாட்டுக்குப் போ, கேளிக்கைக்குப் போ, மிச்சமிருந்தால் கடலைப் பார். கல்யாண வீட்டுக்குப் போகிறவன் பந்தியையும் பாட்டுக் கச்சேரியையும் விசாரித்துவிட்டு, மாப்பிள்ளை பெண் யார் என்று கேட்க மறந்துபோன கதைதான் இது.

சரி, மாப்பிள்ளை பெண் யார் என்று நான் சொல்கிறேன். அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் உல்லாசக் கப்பல்களின் பருவம் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை. அந்த மாதங்களில்தான் கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் அங்கே இருக்கின்றன. குளிர்காலத்தில் அவற்றில் பெரும்பாலானவை ஹவாய்த் தீவுப் பக்கம் போய்விடும். அங்கே கன்று ஈனுவதும் துணை தேடுவதும்தான் வேலை. சாப்பாடு ஏறக்குறைய இல்லை. ஆகவே வருஷம் முழுவதற்குமான தீனியை இந்தக் கோடை மாதங்களில்தான் அவை தின்று தீர்க்கவேண்டும். சில கூட்டங்கள் ஒன்றுகூடி, மீன்களைச் சுற்றி நீர்க்குமிழிகளால் வேலி போட்டு, கீழிருந்து வாயைத் திறந்துகொண்டு எழும்பும். ஜூலை, ஆகஸ்டில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஓடைகளில் ஏறி வரும். அவற்றைப் பிடிக்கக் கரடிகள் ஓடைக்கரைக்கு வரும். நார்வேயில் பஃபின் என்ற செவ்வலகுப் பறவையைக் கரையோரப் பாறைகளில் பார்க்கவேண்டுமானால் ஏப்ரலுக்குப் பிறகு, ஆகஸ்டு பிறந்து சில நாட்களுக்குள் போயிருக்கவேண்டும். பிறகு அது நடுக்கடலுக்குப் போய்விடும். திட்டம் என்றால் இங்கேயிருந்துதானே தொடங்கவேண்டும்? எந்த ஜீவன், எந்த மாதம், எந்த ஓடை, எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கவேண்டும்? பால்கனி அப்புறம்.

கம்பெனிக்காரனின் திட்டத்தில் கப்பல் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது திமிங்கிலமும் அல்ல, கரடியும் அல்ல. 1886-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்நியக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஆள் ஏற்றி, வேறு தேசம் எதையும் தொடாமல் இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக்கூடாது. பெரிய உல்லாசக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே அந்நியக் கொடிதான். அதனால்தான் அவை ஒன்று கனடாவின் வான்கூவரிலிருந்து புறப்படும். அல்லது சியாட்டிலிலிருந்து புறப்பட்டு, கனடாவின் விக்டோரியாவில் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பும். இந்தியப் பாஸ்போர்ட்டு வைத்திருக்கிறவர் அமெரிக்காவுக்கு ஒன்று, கனடாவுக்கு ஒன்று என்று இரண்டு விசாவுக்கு அலைவதன் காரணம் இந்தக் கிழட்டுச் சட்டம்தான். வீட்டில் சொல்தா பென்ஷன் வாங்கும் பிரெஞ்சுப் பிரஜை இருந்தால் அவருக்கு இந்த அலைச்சல் கொஞ்சம் குறைவு. காரைக்காலில் மட்டுமே ஒரே குடும்பத்தில் அண்ணன் எளிதாகவும் தம்பி கஷ்டப்பட்டும் அலாஸ்கா போகமுடியும்!

இரண்டு விசாவும் வாங்கி, பல லட்சம் ரூபாயும் கட்டிப் போய் இறங்கினால் என்ன காண்கிறோம்? ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம். அந்த ஊருக்குச் சாலை கிடையாது. வானத்தில் போகவேண்டும், அல்லது தண்ணீரில் போகவேண்டும். ஜனத்தொகை சுமார் 32,000. 2023-ஆம் ஆண்டில் அந்த ஊரில் உல்லாசக் கப்பல்களிலிருந்து வந்து இறங்கியவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். ஒரு பெரிய கப்பலில் நாலாயிரம் பேர். கும்பகோணத்துக்கு மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருகிறது. அந்த ஊருக்கு வருஷத்தில் ஐந்து மாதமும் மகாமகம்! ஊர்க்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்குமேல் வரக்கூடாது என்று கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 2026 முதல் ஆள் கணக்குக்கும் வரம்பு: நாளைக்குப் படுக்கைக் கணக்கில் 16,000, சனிக்கிழமையானால் 12,000. முப்பத்திரண்டாயிரம் பேர் வாழும் ஊரில், வந்தவர்கள் பதினாறாயிரம் பேர் என்பது 'கட்டுப்பாடு' ஆகிவிட்டது என்றால், கட்டுப்பாடு இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். இந்தக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு நின்று, ஆறேழு மணி நேரத்தில் திரும்பக் கப்பலேறி, 'அலாஸ்கா பார்த்தேன்' என்று எழுதுகிறோம். நாம் பார்த்தது அலாஸ்காவை அல்ல. நம்மைப்போலவே அலாஸ்கா பார்க்க வந்தவர்களை.

நெரிசலோடு நிற்கிற விஷயமாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். திருவிழாக் கூட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். திமிங்கிலத்தின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

அலாஸ்காவில் கிளேசியர் பே என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பனியாறு கடலில் வந்து இடிந்து விழும் இடம். ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்குமேல் உள்ளே விடுவதில்லை. 2001-ஆம் வருஷம் ஜூலை மாதம் அதன் வாயிலருகே ஒரு பெண் திமிங்கிலம் செத்து மிதந்தது. மண்டையோடு நொறுங்கியிருந்தது. வயிற்றில் கன்று. ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது தெரியாத பிராணி அல்ல. கால் நூற்றாண்டாக வருஷா வருஷம் வந்துபோவதைக் கண்டு, 'ஸ்னோ' என்று செல்லப்பெயரும் வைத்திருந்தார்கள். பிரின்சஸ் என்ற கம்பெனியின் கப்பல் ஒன்று அந்தச் சமயம் அங்கே போயிருந்தது. திமிங்கிலங்களுக்கு அருகே வேகத்தைக் குறைத்து ஜாக்கிரதையாக ஓட்டவில்லை என்ற குற்றத்தை அந்தக் கம்பெனி 2007-ல் ஒப்புக்கொண்டு, அபராதமும் நன்கொடையுமாக ஏழரை லட்சம் டாலர் கட்டியது. ஸ்னோவின் எலும்புக்கூட்டை 2014-ல் அந்தப் பூங்காவிலேயே கோத்து நிறுத்தி வைத்தார்கள். தனிக் கட்டணம் கொடுத்தும் உயிருள்ள திமிங்கிலம் தட்டுப்படாத யாத்ரிகர்களுக்கு அது ஓர் ஆறுதல்!

அதே கம்பெனி 2016-ல் மறுபடி குற்றத்தை ஒப்புக்கொண்டது. இந்தத் தடவை எண்ணெய்க் கழிவு. அதன் இன்னொரு கப்பலில், சுத்திகரிப்பு யந்திரத்தைத் தொடாமல் கழிவை நேரே கடலில் விடுவதற்கு ரகசியமாக ஒரு குழாய் பொருத்தியிருந்தார்கள். கப்பல்காரர்கள் அதற்கு 'மந்திரக் குழாய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த எஞ்சினீயர் ஒருவர் இதைக் கண்டார். கப்பல் இங்கிலாந்துக்கு வந்ததும் வேலையை உதறிவிட்டு அதிகாரிகளிடம் சொன்னார். நாலு கோடி டாலர் அபராதம். பளபளவென்று வெள்ளை வெளேரென்றிருக்கும் அந்தக் கப்பலின் அடிவயிற்றில் ஒரே ஒரு மனிதனின் மனச்சாட்சி வேலை செய்தது என்பதை நினைக்கும்போது, எனக்கு ஒரு நாவல் எழுதலாம் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2020-ல் கொள்ளைநோய் வந்து அலாஸ்காவின் உல்லாசக் கப்பல் பருவமே நின்றுபோயிற்று. தண்ணீருக்கடியில் ஒலிவாங்கி போட்டு வைத்திருந்த கிளேசியர் பே ஆராய்ச்சிக்காரர்களுக்கு, பல வருஷங்களாகக் கேட்காத நிசப்தம் கேட்டது. திமிங்கிலங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது குரலால்தான். கப்பலின் இரைச்சல் அந்தப் பேச்சை விழுங்கிவிடுகிறது. நாம் வராத ஒரே ஒரு வருஷம் அவை நிம்மதியாகப் பேசிக்கொண்டன. விருந்தாளி வராத நாளே வீட்டுக்காரனுக்குப் பண்டிகை என்றால், அந்த விருந்தாளி தன்னைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கவேண்டாமா?

மூன்று ஆட்சேபணைகள் வரும் என்று எனக்குத் தெரியும்.

முதலாவது: "வயசாகிவிட்டது, முழங்கால் வலி, பெரிய கப்பலை விட்டால் எங்களுக்கு உலகத்தைப் பார்க்க வேறு என்ன வழி?" வழி இருக்கிறது. நார்வேயில் 1893-ல் தொடங்கிய கரையோரக் கப்பல், பெர்கனிலிருந்து வடகோடியில் ருஷ்ய எல்லையருகே உள்ள கிர்கெனஸ் வரை சரக்கும் ஜனங்களும் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. முப்பத்து நான்கு துறைமுகங்களில் நிற்கும். போய்த்திரும்பப் பன்னிரண்டு நாள். லிப்ட் உண்டு, அறை உண்டு, சாப்பாடு உண்டு. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவியும், பள்ளிக்கூடப் பையனும் உங்களோடு ஏறி இறங்குவார்கள். அலாஸ்காவில் அரசாங்கமே 1963 முதல் படகுப் போக்குவரத்து நடத்துகிறது. அந்தப் படகுகளில் அறை எடுக்க வசதியில்லாதவர்கள் மேல்தளத்தில் கூடாரம் அடித்துக்கொண்டு படுப்பது இன்றும் வழக்கம். நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் ஏறி மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தார்களே, சாட்சாத் அதேதான்! அதைத் தரித்திரம் என்று மறைத்துவிட்டு, பால்கனிக்கு ஆசைப்படுகிறோம்.

இரண்டாவது: "இந்தக் கப்பல்களால் அந்த ஊர்க்காரர்கள் பிழைக்கிறார்களே?" உண்மைதான். சனிக்கிழமைகளில் பெரிய கப்பலே வேண்டாம் என்ற யோசனையை 2024 அக்டோபரில் ஜூனோ ஜனங்களின் வாக்குக்கு விட்டபோது, பெரும்பான்மையோர் வேண்டாமென்று தள்ளினார்கள். பிழைப்பு என்பது அப்படிப்பட்டது. ஆனால் பிழைப்பைக் காட்டிச் சலுகை வாங்குகிறவன் யார் என்று பாருங்கள். நார்வேயில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மலையிடுக்குக் கடல்களில், புகையே விடாத கப்பல்கள்தான் நுழையலாம் என்று சட்டம் செய்தார்கள். 2026-ல் அது சிறிய கப்பல்களுக்கு மட்டும் அமலுக்கு வந்தது. பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட பெரிய கப்பல்களுக்கு 2032 வரை தவணை. சின்னவனுக்கு இன்றைக்கே தண்டனை, பெரியவனுக்கு ஆறு வருஷம் கழித்து விசாரணை. இந்த நியாயம் நார்வேயிலும் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் நமக்கு ஒரு சொந்த பந்தம் ஏற்படுகிறது. அதே நார்வே, வடதுருவத்துக்கு அருகிலுள்ள ஸ்வால்பார்டில் பெரியவனுக்குப் பயப்படவில்லை: 2025 முதல் அங்கே காப்பிடங்களுக்குள் போகும் கப்பலில் இருநூறு பேருக்குமேல் இருக்கக்கூடாது, பனிக்கரடிக்கு முந்நூறு மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. மனம் இருந்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மூன்றாவது: "என் பணம், என் இஷ்டம். காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு நீர் எதற்கு அலாஸ்காத் திமிங்கிலத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்?" இதுதான் அசல் கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்றைப் புதுச்சேரியில் ஆள் இறக்கவிடவில்லை. சூதாட்டம் நடக்கும், கலாசாரம் கெடும் என்பதே விவாதம். கலாசாரம் கெடலாம், ஆனால் கடல் கெடுமா என்று கேட்ட குரல் என் காதுக்கு உரக்க விழவில்லை. நம் கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறி வருகிறது. வலையில் சிக்கிச் செத்தும் ஒதுங்குகிறது. அரசலாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் நின்று, கடலுக்குப் பிளாஸ்டிக் எத்தனை மூட்டை போகிறது என்று எண்ணிப்பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? தன் கரையைப் பார்க்காத கண், பதினாயிரம் மைல் போனாலும் பால்கனியைத்தான் பார்க்கும்.

அந்த வடகடலே ஒவ்வொரு வருஷமும் நம்மைத் தேடி வருகிறது என்று சொன்னால் நம்புவீர்களா? காரைக்காலிலிருந்து தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் கோடியக்கரை. 1967-ல் சரணாலயமானது, 2002-ல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமென்று பதிவாயிற்று. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை அதன் சேற்றுவெளியில் ஆயிரக்கணக்கில் உள்ளான்கள் இரை பொறுக்குகின்றன. அவற்றில் பல, சைபீரியாவின் வடதுருவக் கரையில் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை. கொசு உள்ளான் என்று ஒன்று. ஒரு லட்டின் எடைகூட இராது. அந்த லட்டு, விசா இல்லாமல், பால்கனி இல்லாமல், இமயத்துக்கு அப்பாலிருந்து பறந்து வந்து நம் சேற்றில் இறங்குகிறது. அதனோடு வரும் வளைந்த மூக்குள்ள உள்ளான் உலகத்தில் வேகமாகக் குறைந்துவருகிறதென்று 2024-ல் அழிவை நோக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். வடக்கே அதன் கூடு இருக்கிற இடமும், தெற்கே அதன் சோறு இருக்கிற இடமும் இரண்டும் வேண்டும். ஒன்று போனால் பறவையே போயிற்று. அந்தச் சோறு நம் கையில் இருக்கிறது. நாமோ சேற்றுவெளியைப் 'புறம்போக்கு' என்கிறோம். உள்ளானைக் கண்ணி வைத்துப் பிடித்து விற்பவனிடம் விலை பேசுகிறோம். பிறகு வனவிலங்கு பார்க்கக் கப்பலுக்கு முன்பணம் கட்டுகிறோம்.

வடக்கே குளிர்ந்த இடத்துக்கு யாத்திரை போன முதல் காரைக்கால்காரி யார் என்று இந்த ஊரில் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஆண்டுதோறும் மாங்கனி எறிந்து கொண்டாடுகிறோமே, அந்த அம்மையார்தான். கயிலைக்குப் போனபோது, அந்த மண்ணைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையால் நடந்து போனார் என்கிறது பெரியபுராணம். பக்தி இருக்கிறவர்கள் பக்தியாக எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் ஒரு பிரயாண சாஸ்திரமே தெரிகிறது. எந்த வசதியோடு போவது என்று அந்த அம்மாள் யோசிக்கவில்லை. அந்த இடத்தை எப்படித் தொடுவது என்று யோசித்தார்.

நம்மைத் தலையால் நடக்கச் சொல்ல யாருமில்லை. வருகிற மார்கழியில் ஒரு விடியற்காலை வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்குப் பஸ் ஏறச் சொல்கிறேன், அவ்வளவுதான். சேற்றுக்கு எட்டி நின்று, பேச்சை நிறுத்தி, ஒரு மணி நேரம் பாருங்கள். அலுக்காமல் பார்க்க முடிந்தவர்கள் வடகடலுக்குத் தாராளமாகப் போகலாம். சின்னக் கப்பலில், தகுந்த மாதத்தில், தூர நின்று பார்க்கப் போகலாம். ஒரு மணி நேரத்தில் அலுத்துப்போனவர்கள் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு வேண்டியது நல்ல ஹோட்டல். அது மிதக்கவேண்டிய அவசியமில்லை.